60 ஆயிரத்துக்கு கேமிங் லேப்டாப், நம்ம கடற்கரைல எது தாங்கும்?

உச்சிப்புளி_2005

அண்ணங்களுக்கு வணக்கம். காலேஜ் மூணாவது வருசம் படிக்கிறேன், அப்பா 60 ஆயிரம் வரைக்கும் தர்றேன்னு சொல்லிருக்காங்க, கேமிங் லேப்டாப் ஒண்ணு வாங்கணும். முன்னாடி இருந்தது ரெண்டு வருசம்தான் ஓடுச்சு, ஒரு நாள் காலைல ஆன் ஆகல. சர்வீஸ் சென்டர்ல குடுத்தா போர்டு அரிச்சிருக்கு, தண்ணி பட்டிருக்கு, வாரண்டி கிடையாதுன்னு சொல்லி திருப்பி குடுத்துட்டாங்க. சத்தியமா ஒரு சொட்டு தண்ணி படல அண்ணே, மேசைல வச்சு அங்கயே மூடி வைப்பேன். வீட்டுல இருந்து கடலு நடந்தா அஞ்சு நிமிசம். இந்த தடவை வாங்குறது படிப்பு முடியிற வரைக்காச்சும் நிக்கணும். ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதா பாக்கவா, ரேம் அதிகமா பாக்கவா? வேலரன்ட் ஆடுவேன், சான் ஆண்ட்ரியாஸ் ஆடுவேன், மத்தபடி பைத்தான் எழுதுவேன் அவ்வளவுதான்.

குந்துகால்காரன்

தம்பி, நீயும் பொய் சொல்லல அவங்களும் பொய் சொல்லல. தண்ணி பட்டது நெசம், காத்துல வந்து பட்டிருக்கு.

நான் பாம்பன்ல ஐஸ் கம்பெனில கணக்கு பாக்குறேன், பழைய கம்ப்யூட்டர் கேம் மெஷின் எல்லாத்தையும் திறந்து துடைக்கிறது பத்து பதினஞ்சு வருசமா எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை. கார்டு, ரேம், ஸ்க்ரீன் இதெல்லாம் பாக்குறதுக்கு முன்னாடி நம்மூர் ஆளுக பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதை எந்த யூடியூப் ரிவ்யூலயும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்க உக்காந்திருக்குறது ஏசி ரூம்ல, பெங்களூர்ல.

வீட்ல மழை நாளைக்கு உப்பு ஜாடி கசியுதுல்ல, அதுதான் விசயம். காத்துல ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தை தாண்டுச்சுண்டா சாப்பாட்டு உப்பு தானாவே தண்ணிய இழுத்து கரைய ஆரம்பிச்சுரும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல தென்கடல் அலை உடைஞ்சு தூவானமா வருது, அதுல உள்ள உப்பு கண்ணுக்கு தெரியாத அளவுல காத்தோட வீட்டுக்குள்ள வந்துருது. கேமிங் லேப்டாப்புல ரெண்டு ஃபேன், நீ ஆடுற நேரம் பூரா அந்த காத்தை இழுத்து போர்டு மேல ஊதுது. ராத்திரி அணைச்சு வச்ச பிறகு போர்டு குளுந்துரும், படிஞ்ச உப்பு ஈரத்தை இழுக்கும், செம்பு மேல உப்புத்தண்ணி நிக்கும். நீ அணைச்சாலும் பேட்டரி உள்ளதான இருக்கு, போர்டுல உள்ள சில செம்புக் கோட்டுல எப்பவும் கரண்ட் நிக்கும். உப்புத்தண்ணியும் கரண்டும் சேந்தா செம்பை சும்மா விடுமா, பச்சையா களிம்பு பிடிச்சு பக்கத்து கோட்டோட ஒட்டிக்கிரும். உன் லேப்டாப் போனது இப்படித்தான்.

இதெல்லாம் நம்ம ஊர்ல புதுசா ஒண்ணும் இல்ல. காரைக்குடில உள்ள சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இரும்பு அரிப்பை ஆராய்ச்சி பண்ண மண்டபத்துல வந்து தகடு தகடா காத்துல காட்டி வச்சு பாக்குறது எதுக்குண்டு நினைக்கிற? 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு வருசம் முழுக்க பெயிண்ட் அடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க, புது பாலத்துக்கு 2025-ல திறக்கும்போது துருப்பிடிக்காத கம்பியும் அதுக்குண்டே தனி பெயிண்டும் போட்டுத்தான் நிப்பாட்டிருக்காங்க. அவ்வளவு பெரிய இரும்பையே அரிக்கிற காத்துக்கு உன் போர்டு எம்மாத்திரம்.

அதுனால என் கருத்து ஒண்ணுதான். நம்ம கடற்கரைல திறந்து துடைக்க முடியாத மெஷினை வாங்காத. பசை போட்டு ஒட்டுனது, ரேமை போர்டுலயே சால்டர் பண்ணி பத்தவச்சது, அடிமூடி திறக்க பத்து கிளிப்பை உடைக்கணும்ண்டு இருக்குறது, இதெல்லாம் எவ்வளவு வேகமா இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

எங்க வீட்ல ஒரு பிளேஸ்டேஷன் 2 இருக்கு, 2006-ல மாமா துபாய்ல இருந்து வந்தப்ப கொண்டாந்தது, பருமனா இருக்குமே அந்த மாடல். இன்னைக்கும் ஓடுது. என் தங்கச்சி மகன் அதுலதான் பந்து விளையாட்டு ஆடுறான். ஏன் ஓடுதுண்டா, அடில சின்ன மூடிக்குள்ள ஸ்க்ரூ இருக்கும், சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், மேல் மூடி அப்பிடியே கழண்டு வரும். மீன்பிடி தடைக்காலத்துல, ஏப்ரல் 15-க்கு மேல ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்கு போகாம கம்பெனில வேலை குறையும்ல, அப்ப வருசத்துக்கு ஒரு தடவை அதை கழட்டி துடைச்சு லென்ஸ சுத்தம் பண்ணி பூட்டிருவேன். போட்டுக்காரங்க அந்த நேரத்துல போட்டை கரைல ஏத்தி பெயிண்ட் அடிக்கிறாங்க, நான் இதை பாக்குறேன்.

கீழக்கரை_காக்கா

குந்துகால் தம்பி சொல்றது பாதி சரி. நான் 18 வருசம் துபாய்ல இருந்துட்டு வந்தவன், அங்கயும் கடல் காத்துதான், வெயிலுக்கு கேக்கவே வேண்டாம். என்கிட்ட 2020-ல வந்த எம்1 மேக்புக் ஏர் இருக்கு. அதுல ஃபேனே கிடையாது. காத்தை இழுக்குறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லாதப்ப உப்பு எப்படி உள்ள போகும்? அஞ்சு வருசமா கீழக்கரைல மாடி ரூம்ல இருக்கு, ஜன்னல் திறந்தா கடல் தெரியும், ஒரு குறையும் இல்ல. நீங்க திறந்து துடைக்கிறதை பத்தி சொல்றீங்க, நான் சொல்றது துடைக்க வேண்டிய தேவையே வராத பொருளை வாங்குங்கன்னு. மருந்தை பத்தி பேசுறதுக்கு முன்னாடி நோய் வராம பாக்கணும்ல.

குந்துகால்காரன்

காக்கா, இது நல்ல பாயிண்டு, ஒத்துக்கிறேன். ஃபேன் இல்லாத மெஷின் நம்மூருக்கு ரொம்ப ஏத்தது. என்கிட்ட உள்ள பிஎஸ்பி 3000, கைல வச்சு ஆடுற கேம் மெஷின், அப்படித்தான், ஃபேன் கிடையாது, பேட்டரிய கையாலயே கழட்டலாம், அது இன்னும் பளிச்சுண்டு இருக்கு. ஆனா உங்க மெஷின்ல ரேமும், ஃபைல் எல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டியும் போர்டுலயே இருக்கு. எஸ்எஸ்டி போச்சுண்டா போர்டே போச்சு, படிக்கிற புள்ளைக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் சேந்து போயிரும். உங்க கைல காசு இருக்கு, இன்னொண்ணு வாங்கிக்கிருவீங்க. இந்த தம்பிக்கு அப்பா ஒரு தடவைதான் தருவாரு. அதுவும் போக, காத்து உடம்பு வழியா வரலண்டாலும் சார்ஜ் போடுற ஓட்டை வழியா வரும்.

அந்த ஓட்டைய பத்தி தனியா சொல்லணும். யுஎஸ்பி சி ஓட்டைக்குள்ள 24 பின் இருக்கு, அதுல கரண்ட் வர்ற பின்தான் முதல்ல கருக்கும். ஈரக்கையோட, வேர்த்த கையோட சார்ஜர் குத்துனா அந்த பின்னுல உப்புத்தண்ணி நின்னு அரிக்கும். ஃபோன் ஈரம் இருக்குண்டு எச்சரிக்கை காட்டுச்சுண்டா அதை மீறி சார்ஜ் போடவே கூடாது. ஒயர்லெஸ் சார்ஜிங்கை நான் முன்னாடி தேவையில்லாத சொகுசுண்டு நினைச்சேன், இப்ப கடலுக்கு போற ஆளுக யாரு கேட்டாலும் அதுதான் சொல்றேன், ஓட்டைய தொடவே வேண்டாம்ல.

மண்டபம்_வடகடல்

நான் கடலுக்கு போறவன் அண்ணே. ஐபி68 ஃபோன்னு கடைல சொன்னாங்க, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு. வலை வளைக்கும்போது சட்டைப்பைல இருந்து போட்டுத் தட்டுல நின்ன கடல் தண்ணில விழுந்துச்சு, எடுத்து துடைச்சு வச்சுட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, நாலு நாள் கழிச்சு ஸ்பீக்கர் கரகரன்னுச்சு, பத்தாம் நாள் ஃபோன் செத்துருச்சு. அரிசிக்குள்ள போட்டு வச்சும் பாத்தேன். ஐபி68-ன்னா என்னதான் அர்த்தம்? போட்டுல உள்ள ஜிபிஎஸ் மட்டும் எத்தனை வருசமா அலைல நனையுது, அது ஏன் சாகல?

குந்துகால்காரன்

மாப்ள, ஐபி டெஸ்ட்டு நல்ல தண்ணில பண்றது. ஐபி67-ண்டா ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிசம், ஐபி68-ண்டா அதுக்கு மேல கம்பெனி சொல்ற ஆழம். அது புது ஃபோனுக்கு, கீழ விழுந்து அடிபடாத ஃபோனுக்கு. கடல் தண்ணில ஒரு லிட்டருக்கு 35 கிராம் பக்கம் உப்பு இருக்கு. நீ துடைச்சது தண்ணிய, உப்பு அங்கயேதான் இருந்துச்சு. அரிசிக்குள்ள போட்டா தண்ணி மட்டும் காயும், அதுவும் சும்மா வெளில வச்சா காயிற அளவுதான், உப்பு காஞ்சு உள்ள உக்காந்துக்கிரும், கூட அரிசி மாவு வேற ஓட்டைல போயிரும்.

இனிமே கடல்ல விழுந்துச்சுண்டா உடனே ஆஃப் பண்ணு, ஆன் ஆகுதாண்டு பாக்கவே பாக்காத. குடிக்க கொண்டு போற நல்ல தண்ணில ஒரு தடவை அலசு. கேக்கும்போது பயமாத்தான் இருக்கும், நனைஞ்ச ஃபோனை மறுபடி நனைக்கச் சொல்றானேண்டு, ஆனா உப்பை வெளியேத்த வேற வழி இல்ல. அப்புறம் ஓட்டைய கீழ பாத்து வச்சு ஒரு நாள் முழுக்க காய விடு.

போட்டு ஜிபிஎஸ் சாகாததுக்கு காரணம், அதை செய்யும்போதே கடலுக்குண்டு செஞ்சிருக்காங்க. ரப்பர் மூடி, கெட்டி பட்டன், பேட்டரி மூடிக்கு பூட்டு. ஒல்லியா இருக்கணும்ண்டு எவனும் நினைக்கல.

ஒண்ணு சொல்றேன் கேளு, எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல. 2014-ல வந்த சாம்சங் எஸ்5, ஐபி67 ஃபோன், அதுல பின் மூடிய நகத்தால நெம்பி பேட்டரிய கழட்டலாம். தண்ணி போகாத ஃபோன் வேணும்ண்டா ஒட்டித்தான் ஆகணும்ண்டு அதுக்கு அப்புறம் பத்து வருசமா சொல்றாங்களே, அதுக்கு முன்னாடியே செஞ்சு காட்டிருக்காங்க. ஐரோப்பால 2027 பிப்ரவரில இருந்து நாமளே கழட்டுற மாதிரி பேட்டரி இருக்கணும்ண்டு சட்டம் வருது. இங்க 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குண்டு ஒரு இணையதளம் திறந்தாங்க, நல்ல தொடக்கம்தான், ஆனா உள்ள ஸ்க்ரூ இருந்தாத்தான் உரிமை நமக்கு உதவும்.

பரமக்குடி_பிசி

கடல் கடல்னு எல்லாரும் ரொம்ப பயமுறுத்துறீங்க. நான் பரமக்குடி, எங்களுக்கு தூசிதான் பிரச்சினை. தம்பிக்கு நேரடி பதில்: லேப்டாப்பே வேண்டாம், அதே 60 ஆயிரத்துல டெஸ்க்டாப் போடு. கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் போனா எஸ்எம்பிஎஸ் மாத்து, போர்டு போனா போர்டு மாத்து, கார்டை கழட்டி விக்கலாம். ஒரே விலைக்கு லேப்டாப் கார்டை விட டெஸ்க்டாப் கார்டு கண்டிப்பா வேகம். முன்பக்கம் வலை ஃபில்டர் உள்ள கேபினெட் பாத்து எடு.

குந்துகால்காரன்

வீட்லயே வச்சு ஆடுறதுண்டா பங்காளி சொல்றதுதான் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். ஃபில்டர் தூசிய பிடிக்கும், உப்பு மூட்டத்தை முழுசா பிடிக்காது, அதை மட்டும் மனசுல வச்சுக்க. கேபினெட்டை கடல் பக்க ஜன்னல்ல இருந்து தள்ளி, தரைல வைக்காம மேசைல வை. ஆனா தம்பி காலேஜுக்கு தூக்கிட்டு போகணும்ல.

தங்கச்சிமடம்_டீச்சர்

வணக்கம். நான் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிறேன். 2020-ல கொரோனாவுக்கு பூட்டுன லேபை எத்தனையோ மாசம் கழிச்சு திறந்தோம். 20 மெஷின்ல 7 ஆன் ஆகவே இல்ல. பூட்டும்போது எல்லாமே நல்லா ஓடிட்டு இருந்தது, யாரும் தொடவும் இல்ல, மேல துணி கூட போத்தி வச்சிருந்தோம். ஓட்டாம வச்சா நல்லா இருக்கும்னுதானே நினைப்போம். ரேமை எடுத்து அழிரப்பரால தேச்சு போட்டதுல நாலு உயிர் வந்துச்சு. மூணு போனது போனதுதான். இது ஏன்னு யாராவது சொல்லுங்களேன், பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கணும்.

குந்துகால்காரன்

டீச்சர், நீங்க கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி, இந்த இழைலயே இதுதான் எல்லாரும் படிக்க வேண்டியது.

ஓடுற மெஷின் சூடா இருக்கும். உள்ள சூடா இருந்தா அங்க உள்ள காத்தோட ஈரப்பத சதவீதம் குறைஞ்சுரும், நான் மேல சொன்ன 75-க்கு கீழ வந்துரும், உப்பு படிஞ்சிருந்தாலும் காஞ்சு கிடக்கும். அணைச்சு போட்டா மெஷினும் வெளிக்காத்தும் ஒரே குளிர்ச்சி, உப்பு ராத்திரி பூரா கசியும், பகல்ல காயும், மறுபடி கசியும். வாடைக்காத்து மாசத்துல மழையோட சேந்து கேக்கவே வேண்டாம். நீங்க போத்துன துணியும் ஈரத்தை பிடிச்சு வச்சிருக்கும். அதுனால லீவு விட்டாலும் வாரத்துக்கு ரெண்டு நாளாவது ஒரு மணி நேரம் போட்டு விடுங்க. விசைப்படகு இன்ஜினை தடைக்காலத்துல அப்பப்ப ஓட்டி வைக்கிறாங்கள்ல, அதே மாதிரிதான்.

அழிரப்பர் அவசரத்துக்கு சரி, அடிக்கடி வேண்டாம் டீச்சர். ரேம் பல்லுல உள்ள தங்கம் ரொம்ப ரொம்ப மெல்லிசு, தேய்க்க தேய்க்க போயிரும், தங்கம் போனா கீழ உள்ள நிக்கலும் செம்பும் வெளிய வந்து இன்னும் வேகமா அரிக்கும்.

துடைக்கிறதுல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, நானும் பல வருசம் பண்ணிருக்கேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி அதுலயே துடைப்போம். பிசுக்கு போகும், எண்ணெய் போகும், ஆனா உப்பு அதுல கரையவே கரையாது. துடைச்ச போர்டு பளபளண்டு இருக்கும், மூணு மாசத்துல மறுபடி களிம்பு வரும், ஏண்டு புரியாம மண்டைய பிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப பேட்டரிய கழட்டிட்டு, முதல்ல டிஸ்டில்டு வாட்டர், அதாவது வண்டி பேட்டரிக்கு ஊத்துற தண்ணி, அதுல பழைய டூத் பிரஷ்ஷை நனைச்சு துடைப்பேன். உப்பு கரைஞ்சு வந்துரும். அதுக்கு மேல ஆல்கஹால் போட்டா அந்த தண்ணிய இழுத்துக்கிட்டு வெரசா காஞ்சுரும். கடைல கேக்கும்போது தண்ணிண்டு தெளிவா கேளுங்க, ஆசிட் பாட்டிலும் பக்கத்துலயேதான் இருக்கும்.

கீழக்கரை_காக்கா

இந்த ஆல்கஹால் விசயம் எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ரொம்ப நன்றி தம்பி. என் மகனோட கேம் கண்ட்ரோலர்ல குச்சிய தொடாமலேயே ஆள் தானா நடக்குறான், அதுவும் உப்புதானா?

குந்துகால்காரன்

அதுல உப்பு பாதி, தேய்மானம் பாதி காக்கா. குச்சிக்கு அடில கரி பூசுன தகடு மேல ஒரு சின்ன உலோக நாக்கு தேச்சுக்கிட்டே போகும். தேயத் தேய அளவு தப்பா சொல்லும். அடுத்த தடவை வாங்கும்போது ஹால் எஃபெக்ட் குச்சி உள்ளதா கேட்டு வாங்குங்க. அதுல தேய்க்கிறதே கிடையாது, காந்தம் அசையிறதை சென்சார் தூரத்துல இருந்து பாத்துக்கிரும். இது புது கண்டுபிடிப்பு இல்ல, சேகாக்காரங்க 1998-ல ட்ரீம்காஸ்ட் கேம் மெஷினோட கண்ட்ரோலர்லயே போட்டாங்க. எனக்கு தெரிஞ்சு நம்ம காத்துக்கு இதை விட நல்ல பொருள் ஒரு கேம் சாமான்லயும் வரல. தொடாம வேலை செய்யிறதுதான் உப்புக்கு எதிரா நிக்கும்.

தம்பி உச்சிப்புளி, உனக்கு நேரா சொல்லிர்றேன். செகண்ட் ஹேண்ட்ல திங்க்பேட் டி480 லேப்டாப் பாரு, 2018-ல வந்தது, எட்டாவது தலைமுறை இன்டெல் ப்ராசசர் உள்ளதா பாத்து எடு, அதுண்டா விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சிருச்சு, அதுனால அதுக்கு முந்துன தலைமுறைய லினக்ஸ் போடுறதுண்டா மட்டும் வாங்கு. ரெண்டு ரேம் ஸ்லாட்டு, ஒரு பேட்டரி உள்ள, ஒண்ணு வெளில கழட்டி மாட்டுறது. அடிமூடில ஆறு ஸ்க்ரூ, கழட்டுனாலும் மூடியோடயே நிக்கும், தொலையாது. இப்படி யோசிச்சு செஞ்சவனை நேர்ல பாத்தா கும்பிடணும். வேலரன்ட் குறைஞ்ச செட்டிங்குல ஓடும், சான் ஆண்ட்ரியாஸ் 2004 கேம், அது தாராளமா ஓடும். ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் ஆடிப் பாரு. 2023-ல வந்த வெண்பா ஆடு, கனடாவுல குடியேறுன தமிழ் அம்மா இட்லி புட்டு செய்யிற கேம், நம்ம சமையலை ஒரு கேம்ல பாத்து எனக்கு கண்ணு கலங்கிருச்சு. புதுசா வர்ற பெரிய கேம் இதுல ஓடாது, அதை மறைக்க மாட்டேன். மீதி காசை வச்சுக்க, வேலைக்கு போனதும் பங்காளி சொன்ன மாதிரி டெஸ்க்டாப் போடு.

உச்சிப்புளி_2005

அண்ணே ரொம்ப யோசிச்சேன். ஆர்டிஎக்ஸ் மனசுல இருந்து போக ரெண்டு நாள் ஆச்சு. மதுரைல ஒரு கடைல டி480 19 ஆயிரத்துக்கு கிடைச்சது, 16 ஜிபி ரேம். அப்பா மீதிய பேங்க்ல போட்டுட்டாங்க.

நேத்து ராத்திரி திறந்தேன். வாழ்க்கைல முதல் தடவை ஒரு லேப்டாப்பை திறக்குறேன், கை நடுங்குச்சு. ஆறு ஸ்க்ரூவும் நீங்க சொன்ன மாதிரி மூடியோடயே நின்னுச்சு. ரேம் ஸ்லாட்டு ஓரத்துல ரெண்டு பின்னு பச்சையா இருக்கு அண்ணே. முன்னாடி வச்சிருந்தவரும் கடற்கரைக்காரரோ என்னமோ. மெஷின் நல்லா ஓடுது. தொடவா, விடவா?

குந்துகால்காரன்

தொடு. இப்ப விட்டா அடுத்த வாடைக்குள்ள நாலு பின்னாயிரும்.

ஆன் பண்ணும்போது எஃப்1 அமுக்கு, பயாஸ்ண்டு மெஷினோட அடிப்படை செட்டிங் பக்கம் வரும், அதுல பவர் பகுதில உள்பேட்டரிய நிப்பாட்டுற வசதி இருக்கும், அதை குடு, தானா அணைஞ்சுரும். வெளிபேட்டரிய கழட்டு. மூடிய திறந்து உள்பேட்டரி ஒயரையும் உருவிரு. ரேமை எடுத்துட்டு பிரஷ்ஷுல டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டுதான், ஊத்தக்கூடாது, பின்னு நிக்கிற திசையிலயே மேல இருந்து கீழ இழு, குறுக்க தேய்ச்சா பின்னு வளைஞ்சுரும். பச்சை போற வரைக்கும் அஞ்சாறு தடவை, ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷை கழுவிரு. அப்புறம் ஆல்கஹால் ரெண்டு தடவை. மின்விசிறிக்கு கீழ மூணு மணி நேரம் காய விட்டு பூட்டு.

பச்சைக்கு கீழ பின்னு கருப்பா குழி விழுந்திருந்தா ஒரு ஃபோட்டோ எடுத்து போடு. ஸ்லாட்டு ரெண்டு இருக்கு, அடுத்ததுல ரேமை மாட்டிட்டு ஓட்டலாம், பதறாத.

உச்சிப்புளி_2005

முடிச்சிட்டேன் அண்ணே. குழி இல்ல, மஞ்சளா பளிச்சுனு இருக்கு. பழைய லேப்டாப்பையும் திறந்து பாக்கப் போறேன், அது எவ்வளவு தூரம் அரிச்சிருக்குன்னு.